நன்றி என்னும் சொல் போதுமா?
வேர்ட்ஸ்வொர்த் பாடிய இரு நாய்கள்

நாயைப் பற்றிக் கட்டுரை வரைக என்றால், தமிழ்ப் பள்ளி மாணவன் எழுதும் முதல் வாக்கியம் இன்னதென்பது ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் தெரியும். “நாய் நன்றியுள்ள பிராணி” என்பதே அது. அவ்வாக்கியத்தில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அதை எழுதி முடித்தவுடன் மாணவனுக்கு எழுத வேறொன்றும் இல்லாமற் போகிறது. வீட்டைக் காக்கும், திருடனைக் கண்டால் குரைக்கும் என்று இரண்டு வரிகளைச் சேர்த்துவிட்டு எழுதுகோலை வைத்துவிடுகிறான். விடியற்காலையில் பால்மரம் வெட்டப் புறப்படும் தாயின் பின்னே நாய் ஓடுவதைக் கண்டவன் அவன். கண்டது கட்டுரையில் வரவில்லை, கேட்டது வந்துவிட்டது. சொல் முந்திக்கொண்டு கண்ணை மறைத்துவிட்டது.

இக்குறை மாணவனுக்கு மட்டும் உரியதன்று. பெரும்புலவரும் இதற்கு எளிதில் ஆளாவர். 1805ஆம் ஆண்டில் வட இங்கிலாந்தின் மலையொன்றில் ஒரு நாய் செய்த செயலை இரு பெருங்கவிஞர் தனித்தனியே பாடினர். அவருள் ஒருவரான வேர்ட்ஸ்வொர்த், அதே ஆண்டில் வேறொரு நாயையும் பாடினார். இப்பாடல்களை ஒப்புநோக்கினால், விலங்கின் அன்பைப் பாடும் கவிஞன் எங்கே வெல்கிறான், எங்கே தளர்கிறான் என்பது புலனாகும். நன்றி என்னும் ஒரு சொல்லால் மூடப்பட்டுக் கிடக்கும் பொருள் எத்தகையது என்பதும் விளங்கும்.

உறைபனிக் காலை

ஆங்கிலம் பயின்றோர் வேர்ட்ஸ்வொர்த் (1770–1850) என்றதும் டாஃபடில் மலர்களை நினைப்பர். நாய்களை நினைப்பவர் சிலரே. எனினும் 1807இல் இரு தொகுதிகளாக வெளிவந்த அவருடைய கவிதை நூலில் நாய்களைப் பற்றிய பாடல்கள் மூன்று உள்ளன. அவற்றுள் ஒன்று, அன்புக்குரிய நாய் ஒன்றின் இயல்பைக் காட்டும் நிகழ்ச்சி என்னும் பொருள்படத் தலைப்பிடப்பட்டது.

வெப்ப நாட்டில் வாழ்வோர் உறைபனியின் தன்மையைச் சிறிது அறிந்தாலன்றி அப்பாடலின் நயம் புலப்படாது. முகிலற்ற இரவில் நிலம் வெப்பத்தை இழந்து, நீர் உறையும் அளவிற்கும் கீழே குளிர்ந்தால், காற்றிலுள்ள ஈரம் புல்லின் நுனியில் வெண்துகளாகப் படியும். குளத்திலும் ஆற்றிலும் நீரின் மேற்பரப்பே முதலில் உறையும். உறைந்த நீர் உறையாத நீரினும் இலேசானது. ஆதலின் அது மேலேயே மிதக்கும். குளிர் பல நாள் தொடர்ந்தால் அது ஆள் நடக்கும் அளவிற்குத் தடிப்படையும். ஓரிரவுக் குளிரில் விளைவதோ கண்ணாடித் தகடு போன்ற மெல்லிய ஏடே.

அத்தகைய ஒரு காலையில், ஒருவர் தம் மேய்ச்சல் நிலங்களைப் பார்வையிடப் புறப்படுகிறார். ஆடு மாடுகள் நலமாக உள்ளனவா என்று நோக்கியவாறு நடக்கிறார். உடன் நான்கு நாய்கள் செல்கின்றன. இரண்டு மோப்பத்திற்குப் பெயர் பெற்றவை, இரண்டு ஓட்டத்திற்குப் பெயர் பெற்றவை. பருவத்தின் பெயரைக் கவிஞர் சுட்டவில்லை. ஆனால் பனி ஓரிரவினது என்பதனால், இலையுதிர் காலம் கழிந்து குளிர் தலைகாட்டும் நாள் அது எனக் கொள்வது பொருந்தும்.

திடீரென ஒரு முயல் எழுகிறது. நாய்கள் நான்கும் துரத்துகின்றன. முயல் வளையாமல் நெளியாமல் நேரே ஆற்றை நோக்கி ஓடுகிறது. ஆற்றின் ஆழத்தையும், அதன்மேற் படிந்த பனியின் மென்மையையும் மட்டும் கூறிக் கவிஞர் மேலே செல்கிறார். வரப்போகும் கேடு முழுவதும் அவ்விரு செய்திகளிலேயே அடங்கிக் கிடக்கிறது. இலேசான உடலுடைய முயல் ஏட்டின் மேல் ஓடிக் கரையேறுகிறது. பின்தொடர்ந்த டார்ட் என்னும் ஓட்டநாயின் கீழே பனி உடைகிறது. நாய் நீரில் மூழ்குகிறது.

பிரின்சு, சுவாலோ என்னும் இரு நாய்களும் முயலைத் துரத்திக்கொண்டே போய்விடுகின்றன. மியூசிக் என்னும் சிறிய பெண்நாய் மட்டும் நின்றுவிடுகிறது. கரையிலிருந்து தன் முன்கால்களை நீட்டுகிறது, முனகுகிறது, நீரில் தத்தளிக்கும் தோழனை மீட்க முயல்கிறது. அதன் கண்ணும் செவியும் அவன்பாலே இருக்கின்றன. டார்ட் இறுதியாக மூழ்கி மறையும்வரை அம்முயற்சி ஓயவில்லை. பாடலும் அங்கேயே முடிந்துவிடுகிறது.

இப்பாடலில் உற்று நோக்கத்தக்கவை மூன்று. முதலாவது, முன்கால்களைக் கைகள் என்று கூற வருமிடத்தில், அப்படியே கைகள்தாம் என்று எவரும் சொல்லிவிடுவர் என்னும் கருத்துப்பட ஒரு சிறு தொடரைக் கவிஞர் சேர்க்கிறார். கால் கையாகிவிட்டது என்று அவர் துணியவில்லை. பார்ப்பவன் கண்ணுக்கு அவ்வாறு தோன்றும் என்ற அளவிலேயே நின்றுவிடுகிறார். உவமையை உண்மையென்று சாதிக்காத இவ்வடக்கம் பாராட்டத்தக்கது. இரண்டாவது, நாய்களைக் கூட்டிவந்த தலைவர் பாடலின் பிற்பகுதியில் காணப்படவே இல்லை. அவர் ஓடிவந்து காத்தார் என்றோ, மியூசிக்கைத் தடவிக் கொடுத்தார் என்றோ ஒரு சொல்லும் இல்லை. மூன்றாவது, முடிவில் அறவுரை எதுவும் கூறப்படவில்லை.

நன்றி யாருக்கு?

இங்கே தமிழாசிரியர் ஒரு வினாவை எழுப்பலாம். மியூசிக் காட்டியது நன்றியா? அப்படியாயின், யாருக்கு நன்றி? எதற்கு நன்றி?

நன்றி என்பது பண்டைத் தமிழில் நன்மையைக் குறிக்கும் சொல். திருக்குறளின் 11ஆம் அதிகாரத்திற்குச் செய்ந்நன்றியறிதல் என்று பெயர். பிறர் செய்த நன்மையை மறவாதிருத்தல் என்பது அதன் பொருள். எனவே நன்றியறிதல் என்றால் கொடுத்தவன் ஒருவன், பெற்றவன் ஒருவன், இடையே கொடுக்கப்பட்ட பொருள் ஒன்று என மூன்றும் வேண்டும். டார்ட் மியூசிக்கிற்குச் சோறிட்டதில்லை, வளர்த்ததும் இல்லை. இரண்டும் ஒரு வீட்டில் ஒன்றாய்த் திரிந்தவை, அவ்வளவே. பெற்ற கடனைத் திருப்பித் தருவதாக மியூசிக்கின் செயலை விளக்க இயலாது. அதற்குப் பற்று என்பதே ஏற்ற சொல். பற்றுக்குக் கணக்கு இல்லை.

இவ்வேறுபாட்டை நம் முன்னோர் அறியாதவர் அல்லர். நட்பினை ஆராய்ந்து கொள்ளுமாறு கூறும் நாலடியார்ச் செய்யுள் ஒன்று யானையையும் நாயையும் ஒப்பிடுகிறது. நெடுநாள் பழகியும் யானை தன் பாகனைக் கொல்லக்கூடும். நாயோ, தன்மேல் எறியப்பட்ட வேல் உடலில் தைத்திருக்கும்போதும் வாலைக் குழைக்கும் என்பது அச்செய்யுளின் கருத்து. அதில் நன்றி என்னும் சொல்லே இல்லை என்பது நோக்கற்பாலது. வால் மட்டுமே காட்டப்படுகிறது. அந்நேரத்தில் நாய் பெற்றது நன்மையன்று, வேல். தீங்கு பெற்றபோதும் மாறாத ஒன்றை நன்மைக்குக் கைம்மாறு என்று எங்ஙனம் கூறுவது? நாலடியார் ஆசிரியர் கண்டதைச் சொன்னார். பின்வந்த பாடநூல்கள் அதற்குப் பெயரிட்டுக் காட்சியை மறந்துவிட்டன.

ஹெல்வெலின் மலையில்

இனி இரண்டாவது நாயைக் காண்போம். வட இங்கிலாந்தில் ஏரிப்பகுதி என்று பெயர் பெற்ற மலைநாடு ஒன்றுண்டு. அங்கே ஆடு மேயும் உயர்ந்த வெற்று மலைகளை மக்கள் ‘ஃபெல்’ என்பர். மலையிடைச் சுனையை ‘டார்ன்’ என்பர். இவ்விரு சொற்களும் முற்காலத்தில் அங்குக் குடியேறிய வடபுலத்தாரின் நார்ஸ் மொழியிலிருந்து வந்தவை. அம்மலைகளுள் ஒன்றான ஹெல்வெலின் ஏறத்தாழ 950 மீட்டர் உயரமுடையது. அதன் கீழ்ப்புறம் செங்குத்தான பாறை. பாறையின் அடியில் ரெட் டார்ன் என்னும் சுனை உள்ளது. சுனையின் ஒருபுறம் ஸ்டிரைடிங் எட்ஜ் என்னும் கத்தி முனை போன்ற முகடு நீண்டு கிடக்கிறது.

1805 ஏப்ரலில் சார்லஸ் கஃப் என்னும் மான்செஸ்டர் ஓவியர், தம் நாயுடன் பேட்டர்டேல் என்னும் ஊரிலிருந்து இம்மலையைக் கடந்து கிராஸ்மியருக்குச் செல்லப் புறப்பட்டார். அவர் போய்ச் சேரவில்லை. அவ்வாண்டு சூலை இறுதியில், ரெட் டார்ன் அருகே நாயின் குரைப்பொலி கேட்டு ஓர் ஆட்டிடையர் சென்று பார்த்தார். பாறையடியில் எலும்புகள் கிடந்தன. அருகே நாய் உயிருடன் இருந்தது. ஏறத்தாழ மூன்று மாதம் அது அவ்விடத்தைவிட்டு அகலவில்லை.

அவ்வாண்டிலேயே வால்ட்டர் ஸ்காட் (1771–1832) கிராஸ்மியருக்கு வந்தார். அவரும் வேர்ட்ஸ்வொர்த்தும், வேதியியல் அறிஞர் ஹம்ஃப்ரி டேவியும் ஒன்றாக ஹெல்வெலின் ஏறினர். கவிஞர் இருவரும் இந்நிகழ்ச்சியைப் பாடினர். ஒருவர் எழுதுவது மற்றவருக்குத் தெரியாது என்று பிற்காலத்தில் வேர்ட்ஸ்வொர்த் கூறியுள்ளார்.

ஸ்காட்டின் பாடல்

ஸ்காட்டின் பாடலுக்கு மலையின் பெயரே தலைப்பு. கவிஞர் உச்சியில் நின்று ஏரிகளையும் மலைகளையும் காண்கிறார். பின்னர்ப் பயணி இறந்த இடத்தை நோக்குகிறார். நாய் தலைவனின் உடலைக் காத்து நரியையும் அண்டங்காக்கையையும் விரட்டியதாகப் பாடுகிறார். அதன்பின் நாயையே விளித்துக் கேட்கிறார்: தலைவனின் அமைதியை எத்தனை நாள் உறக்கம் என்று எண்ணியிருந்தாய்? காற்றில் அவன் ஆடை அசைந்தபோது எத்தனை முறை துணுக்குற்றாய்? பாடலின் உயிர்நிலை இவ்விடமே. வேர்ட்ஸ்வொர்த்தும் இப்பகுதியை மிக அழகியது என்று மனம் திறந்து போற்றினார். காற்றில் ஆடை அசைவதும் நாய் திடுக்கிடுவதும் கண்ணால் காணக்கூடியவை. நாயின் நெஞ்சிற்குள் புகாமலே அதன் எதிர்பார்ப்பை அவை காட்டிவிடுகின்றன.

ஆனால் ஸ்காட் அங்கே நிற்கவில்லை. அரசன் இறந்தால் அரண்மனையில் நடக்கும் சடங்குகளை விரிக்கிறார். தீப்பந்தங்களும் பணியாளர் வரிசையும் வருகின்றன. அவ்வாடம்பரத்தினும் இயற்கையை நேசித்தவனுக்கு மலைமடியில் மடிவதே தகும் என்று முடிக்கிறார். நாய், இறுதிச் சடங்கில் நிற்கும் துக்கத்தாரின் இடத்தைப் பெறுகிறது. ஓசை இனிது, கருத்தும் உயர்ந்தது எனினும், மூன்று மாதம் மழையிலும் காற்றிலும் கிடந்த நாய் நம் கண்ணிலிருந்து மறைந்துபோகிறது. பின்னர் 1829இல் எட்வின் லேண்ட்சீர் இந்நிகழ்ச்சியை ஓவியமாகத் தீட்டியபோது, அவரும் இம்மெல்லுணர்ச்சி வழியிலேயே சென்றார்.

வேர்ட்ஸ்வொர்த்தின் பாடல்

வேர்ட்ஸ்வொர்த் தம் பாடலுக்கு மாறாப் பற்று என்னும் பொருள்படும் பெயரையிட்டார். ஆயினும் தொடக்கத்தில் பற்று இல்லை, இறந்தவனும் இல்லை. ஓர் ஒலி மட்டும் கேட்கிறது. அது நாயோ நரியோ என்று இடையருக்குத் தெரியவில்லை. அவர் நின்று பாறைகளுக்கிடையே தேடுகிறார். பெரணிச் செடிகள் அசைகின்றன. நாய் தென்படுகிறது. அது மலைநாட்டு இனம் அன்று என்பதும், அதன் நடையில் அச்சம் உள்ளது என்பதும், குரலில் வழக்கமில்லாத ஒன்று உள்ளது என்பதும் அவருக்குப் படிப்படியாகத் தெரிகின்றன. சுற்றிலும் ஆளில்லை, சீழ்க்கையொலியும் இல்லை. இந்நாய்க்கு இங்கே என்ன வேலை?

இது இடையரின் அறிவு நடக்கும் முறை. ஆடு மேய்ப்பவர் ஒலியைக் கேட்டு, இனத்தை அறிந்து, பிறகே காரணத்தைத் தேடுவார். அவர் காலடியிலேயே படிப்பவனின் மனமும் செல்கிறது. இங்கே கவிஞர் கதையை நிறுத்தி அவ்விடத்தை வருணிக்கிறார். அது மார்கழிப் பனி ஆனித் திங்கள்வரை உருகாமற் கிடக்கும் பள்ளம். அங்கே எப்போதேனும் மீன் ஒன்று துள்ளும். காக்கையின் குரலைப் பாறைகள் எதிரொலிக்கும். உட்புகுந்த காற்று வெளியேற வழியின்றிச் சுழலும். இவ்வருணனை வெறும் அணியன்று. மூன்று மாதம் அந்நாய் எங்கே வாழ்ந்தது என்பதை, அது வாழ்ந்தது என்று சொல்வதற்கு முன்னரே அறிவித்துவிடுகிறது. மலைப்பள்ளத்தின் குளிரை உணர்ந்த பின்னரே நாயின் செயலை நாம் கேட்கிறோம். செய்தியை முன்னும் சான்றைப் பின்னும் வைப்பது பேச்சாளர் முறை. சான்றை முன்வைத்துச் செய்தியைத் தானே எழச் செய்வது கவிஞர் முறை.

சுட்டுப்பெயர்களும் கருதத்தக்கவை. மியூசிக்கைக் குறிக்குமிடத்தில் வேர்ட்ஸ்வொர்த் ‘அவள்’ என்றே கூறுகிறார். அது அவர் மனைவியின் தம்பியார் வீட்டு நாய்; அவர் நன்கு அறிந்தது. ஹெல்வெலின் நாயையோ முதலில் ‘அது’ என்கிறார். இடையருக்கு அது அயல் நாய் அன்றோ? ஃபாக்சி என்னும் அதன் பெயரும் பாடலில் இல்லை. பழகியதற்கு உயர்திணை, பழகாததற்கு அஃறிணை என்ற இந்நேர்மையை இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியர் எளிதில் சுவைப்பர்.

ஆயினும் குறை இல்லாமல் இல்லை. எலும்புக்கூட்டைக் கண்ட பின், இனி வியப்பான செய்தியைக் கேளுங்கள், அதற்காகவே இக்கதையைச் சொல்கிறேன் என்னும் போக்கில் கவிஞர் தாமே முன்வந்து பேசுகிறார். அதுவரை இடையரின் பின்னே அமைதியாக நடந்தவன் தோளைப் பிடித்து யாரோ குலுக்குவது போல் இருக்கிறது. நாயும் மலையும் இருக்க, அறிவிப்பாளர் எதற்கு? மியூசிக்கைப் பாடியபோது இருந்த அடக்கம் இங்கே சிறிது குலைகிறது.

மற்றொரு குறையும் உண்டு. அந்நாய் அம்மலையில் குட்டி ஈன்றதென்றும், குட்டி இறந்து கிடந்ததென்றும் அக்காலச் செய்திகள் கூறும். தலைவனின் உடலையே நாய் தின்றது என்றும் ஒரு செய்தித்தாள் எழுதியது. கவிஞர் இருவரும் இவற்றைத் தொடவில்லை. செய்தித்தாளின் கூற்றை ஒதுக்கியது தவறெனக் கூற முடியாது. கண்டவர் எவருமில்லாத இடத்தில் அது ஊகமே. ஆனால் குட்டியை விட்டது இழப்பே. தாய்மையும் தலைவன்மேற் பற்றும் ஒரே பள்ளத்தில், ஒரே உயிரில் கூடியிருந்தன. அதைப் பாடியிருந்தால் பாடல் கடினமாகியிருக்கும், ஆழமும் பெற்றிருக்கும்.

உணவு பற்றிய வினாவை வேர்ட்ஸ்வொர்த் முற்றிலும் மறைத்துவிடவில்லை என்பதையும் இங்குக் கூறவேண்டும். இத்தனை நாள் அது எப்படி உயிர் பிழைத்தது என்று அவரே எழுப்புகிறார். அவ்வன்பை அளித்த இறைவனே அதை அறிவான் என்றும், அவ்வுணர்ச்சியின் வலிமை மனிதரின் மதிப்பீட்டிற்கு அப்பாற்பட்டது என்றும் முடிக்கிறார். இது தப்பித்துக்கொள்ளும் வழி என்பார் உளர். ஆனால் அறியாததை அறிந்ததாகக் காட்டாமை ஒரு புலவனுக்கு இழுக்கன்று. இறுதி நான்கு அடிகளின் கருத்தை, அப்பாடலைப் படித்திராத ஆட்டிடையர் ஒருவரும் தம் வாயால் அப்படியே கூறினார் என்று வேர்ட்ஸ்வொர்த் பின்னாளில் குறித்தார். அம்முடிவு ஏட்டறிவில் மட்டும் பிறந்ததன்று என்பதற்கு அது சான்று.

வழியும் பிரிவும்

1805ஆம் ஆண்டு வேர்ட்ஸ்வொர்த்திற்குத் துயர ஆண்டு. பிப்ரவரி 5ஆம் நாள் அவர் தம்பி ஜான், தாம் தலைவராயிருந்த கப்பல் மூழ்கியதால் உயிர் நீத்தார். அத்தம்பியை 1800 செப்டம்பர் இறுதியில், இலையுதிர் காலத்தில், கிரைஸ்டேல் டார்ன் என்னும் சுனையருகே வேர்ட்ஸ்வொர்த் வழியனுப்பியிருந்தார். அச்சுனை ஹெல்வெலின் மலையை அடுத்து, கிராஸ்மியருக்கும் பேட்டர்டேலுக்கும் இடைப்பட்ட வழியில் உள்ளது. கஃப் அடையவேண்டியிருந்த ஊர் கவிஞரின் ஊரே. பாடலில் தம்பியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆனால் திரும்பி வாராதவனைக் காத்திருத்தல் என்பது அவ்வாண்டில் அவருக்குப் பிறர் கதையாக மட்டும் இருந்திருக்க முடியாது. தம் துயரை நாயின் மேல் ஏற்றிப் பாடாமல், நாயை நாயாகவே விட்டது அவருடைய பண்பைக் காட்டுகிறது.

மியூசிக் முதுமையடைந்து, கண்ணொளி இழந்து, கிணற்றில் விழுந்து இறந்தது. அதன் நினைவாக எழுதிய பாடலில், புதைத்த இடத்தில் கல் நாட்டவில்லை என்றும், அது மனிதருக்கு மனிதர் செய்யும் சிறப்பு என்றும் வேர்ட்ஸ்வொர்த் கூறுகிறார். அதே பாடலில், அந்நாயின் அன்பு அதை மனிதரோடு மட்டுமன்றித் தன் இனத்தோடும் பிணைத்தது என்கிறார். டார்ட்டிற்காக நீட்டிய முன்கால்களின் பொருள் அதுவே. ஹெல்வெலின் நாய்க்கோ 1890இல் அம்மலைமேல் கல் நாட்டினர். அதில் வேர்ட்ஸ்வொர்த்தின் அடிகளைப் பொறித்தனர்.

இரு நாய்ப் பாடல்களுள் எது சிறந்தது எனின், பெரும்பாலோர் ஹெல்வெலின் பாடலையே கூறுவர். பொருளின் பெருமையும் மலையின் பெருமையும் அதற்கு உண்டு. எனினும் வகுப்பறைக்கு முதலிற் கொண்டுசெல்லத்தக்கது உறைபனிக் காலையின் சிறு பாடலே. அங்கே வியப்பைக் கேளுங்கள் என்று எவரும் கூவவில்லை. தலைவன் இல்லை, சோறு இல்லை, கைம்மாறு இல்லை. மெல்லிய பனி, நீட்டிய இரண்டு கால்கள், நீரில் மறையும் ஒரு தோழன் ஆகியவை மட்டுமே உள்ளன. அதைப் படித்த மாணவன் “நாய் நன்றியுள்ள பிராணி” என்று எழுதுவதற்கு முன் ஒருகணம் தயங்குவான். தான் கண்ட நாய் என்ன செய்தது என்று எண்ணிப் பார்ப்பான். அத்தயக்கத்திலிருந்தே அவனுடைய முதல் நல்ல வாக்கியம் பிறக்கும்.